மலைக்குளிரில் ஸ்டென்சிலும் எம்பாசிங் பேஸ்ட்டும்: கையால் செய்யும் வாழ்த்து அட்டைகள், பண்டிகை அலங்காரங்கள்

அட்டையில் மேடான டிசைன் செய்ய உதவும் எம்பாசிங் பேஸ்ட்டின் டப்பாவில் அரை மணி, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று போட்டிருக்கும். கோயம்புத்தூரில் ஏப்ரல் மாதம் அது சரி. குன்னூரில் நவம்பர் மாதம், எதிர்வீடு தெரியாத அளவுக்கு மேகம் இறங்கிய நாளில், அதே பேஸ்ட் மறுநாள் காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். நீலகிரியில் இந்த வேலையைத் தொடங்குபவர்கள் முதலில் பழக வேண்டியது பேஸ்ட்டை எப்படிக் காயவிடுவது என்பதை. டிசைன், கலர் எல்லாம் அப்புறம். அதனால் காய்வதைப் பற்றி இந்தக் கட்டுரையில் கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருக்கிறேன்.

வேலை எளிது. ஸ்டென்சில் என்பது வடிவத்தை ஓட்டையாக வெட்டிய மெல்லிய தகடு. அதைக் காகிதத்தின் மேல் படிய வைத்து, கெட்டியான பேஸ்ட்டை மேலே வழிக்க வேண்டும். தகட்டை எடுத்ததும் ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் பேஸ்ட் மேடாக நிற்கும். காய்ந்தபின் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் பூவா இலையா என்று விரலுக்குத் தெரியும். அச்சடித்த அட்டையில் கிடைக்காதது இதுதான்.

கடையில் எம்பாசிங் பவுடர் என்று இன்னொன்று இருக்கும். அதை ரப்பர் ஸ்டாம்ப் பதித்த இடத்தில் தூவி, ஹீட் கன் வைத்து உருக்குவார்கள். அது வேறு வேலை. பெயரைப் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள். டப்பாவில் மாடலிங் பேஸ்ட், டெக்ஸ்சர் பேஸ்ட் என்று இருந்தால் தயங்காமல் வாங்கலாம். கொஞ்சம் சொரசொரப்பாகவோ கெட்டியாகவோ இருக்கும், வேலை ஒன்றுதான்.

முதலில் தேவைப்படும் பொருட்கள்

அட்டைக்கு ஐவரி போர்டு என்ற கெட்டியான, வழுவழுப்பான தாளைக் கேளுங்கள், 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரை (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சார்ட் பேப்பர் வேண்டாம். பேஸ்ட்டில் இருக்கும் தண்ணீரைக் குடித்து அது நெளிந்துவிடும், மலைக்காற்றின் ஈரம் வேறு சேர்ந்துகொள்ளும். உதகை கமர்ஷியல் ரோடு, குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் இருக்கும் ஸ்டேஷனரி கடைகளில் “அண்ணா, ஐவரி போர்டு 300 ஜிஎஸ்எம், ஏ4 சைஸ்ல இருக்கா?” என்று கேட்டால் போதும். எம்பாசிங் பேஸ்ட்டை மட்டும் பெரும்பாலும் ஆன்லைனிலோ கோவையிலோதான் வாங்க வேண்டியிருக்கும்.

ஏ4 தாளின் நீளத்தைப் பாதியாக்கிக் குறுக்கே வெட்டினால் 148 மில்லிமீட்டருக்கு 210 மில்லிமீட்டர். அதை மடித்தால் 105-க்கு 148 அளவில் ஒரு வாழ்த்து அட்டை. ஒரு தாளில் இரண்டு அட்டை வரும். மடிக்கும் இடத்தில் இரும்பு ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். அப்படிச் செய்யாமல் 300 ஜிஎஸ்எம் போர்டை மடித்தால் மடிப்பில் மேல்தோல் வெடித்து வெள்ளை நார் தெரியும்.

பேஸ்ட் வழிக்கத் தனியாகப் பேலட் நைஃப் வாங்கலாம். காலாவதியான ஏடிஎம் கார்டும் நன்றாகவே வேலை செய்யும். நேரான ஓரம், கொஞ்சம் வளையும் தன்மை, அவ்வளவுதான் தேவை. இவற்றோடு மாஸ்கிங் டேப், பட்டர் பேப்பர், பழைய பருத்தித் துணி, ஒரு வாளித் தண்ணீர். மாஸ்கிங் டேப்பை அப்படியே அட்டையில் ஒட்டினால் பிரிக்கும்போது அட்டையின் தோலும் சேர்ந்து வரும். முதலில் ஒன்றிரண்டு முறை உங்கள் துணி மேல் ஒட்டி எடுங்கள், பசை குறைந்துவிடும்.

பேஸ்ட் எவ்வளவு ஆகும்? மேலே சொன்ன அட்டையின் முகப்பில் மூன்றில் ஒரு பங்கை டிசைன் நிரப்பும், ஸ்டென்சில் கால் மில்லிமீட்டர் தடிமன் என்றால், ஒரு அட்டைக்கு ஒன்றரை மில்லிகூட ஆகாது. வழித்ததில் வீணானது, தகட்டில் ஒட்டிப் போனது எல்லாம் கழித்தாலும் 100 மில்லி டப்பாவில் 40 அட்டை தாராளமாக வரும். தொடக்கத்தில் பெரிய டப்பா வாங்காதீர்கள். திறந்து திறந்து மூடினால் ஓரம் காய்ந்து கட்டி விழும். அந்தக் கட்டி ஒவ்வொரு வழிப்பிலும் கோடு போடும்.

வீட்டிலேயே பேஸ்ட்

கடைப் பேஸ்ட் விலை அதிகமாகத் தெரிந்தால் வீட்டில் கலக்கலாம். சாக் பவுடர் 3 ஸ்பூன், வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் 2 ஸ்பூன், ஃபெவிகால் 1 ஸ்பூன். பவுடரைச் சலித்து, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு கலக்குங்கள்; அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கெட்டித் தயிர் போல வர வேண்டும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழக் கூடாது. விழுந்தால் பவுடர் இன்னும் கொஞ்சம், கரகரவென்று உதிர்ந்தால் பெயின்ட் இன்னும் கொஞ்சம். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். காயும்போது சுருங்கி வெடிப்பதற்கு அதிகப்படித் தண்ணீரே போதும்.

பெயின்ட் கடையில் டப்பாவில் கலந்தே விற்கும் அக்ரிலிக் வால் புட்டியும் உதவும். நாலு பங்கு புட்டிக்கு ஒரு பங்கு ஃபெவிகால் சேர்த்தால் அட்டை லேசாக வளைந்தாலும் உடையாது. மூட்டையில் தூளாக வரும் சிமென்ட் புட்டி வேண்டவே வேண்டாம். கையை அரிக்கும், காகிதத்திலும் நிற்காது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் தேவையில்லை. நீங்கள் டேப் ஒட்டி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிடும்.

வீட்டுப் பேஸ்ட்டை நாலைந்து நாளில் தீர்த்துவிடுகிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள். மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மேலே ஒரு பாலித்தீன் துண்டைப் படிய வைத்து மூடினால் தோல் கட்டாது.

ஸ்டென்சில் வெட்டுவது

ரெடிமேட் ஸ்டென்சில்களில் ரோஜா, பட்டாம்பூச்சி, ஆங்கில எழுத்து எல்லாம் கிடைக்கும். தேயிலைக் கொழுந்தோ வரையாடோ தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆகவே சொந்தமாக வெட்டப் பழகுங்கள். நம்முடைய ஊர் அட்டையில் ஏறுவது அப்போதுதான்.

தகட்டுக்கு நான் முதலில் சொல்வது பழைய எக்ஸ்ரே பிலிம். ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் மருத்துவமனைக் கவரோடு ஒன்றிரண்டு கிடக்கும். உதகைக்கும் எக்ஸ்ரே பிலிமுக்கும் பழைய உறவு உண்டு. 1960-இல் இங்கே தொடங்கிய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் எக்ஸ்ரே பிலிம் தயாரித்து நாடு முழுவதும் அனுப்பியது. இங்குள்ள இந்து நகர் என்ற பகுதியின் பெயர் அதை ஒட்டி வந்ததுதான். ஆலை இப்போது ஓடவில்லை. எக்ஸ்ரே பிலிம், புரொஜெக்டரில் வைக்கும் தெளிவான ஓஎச்பி ஷீட்டைவிடத் தடிமன், அதனால் பேஸ்ட் நன்றாக மேடாக நிற்கும். கழுவிக் கழுவிப் பயன்படுத்தினாலும் ஓரம் மடங்காது. வெட்டும் முன் நோயாளியின் பெயர், எண் இருக்கும் மூலையை நறுக்கி எறிந்துவிடுங்கள்.

எக்ஸ்ரே இல்லையென்றால் லேமினேஷன் கடையில் 125 மைக்ரான் பையை உள்ளே எதுவும் வைக்காமல் ஓட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர். கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் கீழே படத்தை வைத்து அப்படியே மேலே வரைந்துகொள்ளலாம். இரண்டிலும் வரைய சிடி மார்க்கர், வெட்டப் புதிய பிளேடு போட்ட பேனாக் கட்டர். மழுங்கிய பிளேடு பிலிமைக் கிழிக்கும், உங்கள் விரலையும் பதம் பார்க்கும். வளைவுகளில் கட்டரைத் திருப்பாதீர்கள், பிலிமைத் திருப்புங்கள். சின்ன ஓட்டைகளை முதலில், பெரியவற்றைக் கடைசியில் வெட்டுங்கள். பெரியதை முதலில் வெட்டிவிட்டால் தகடு தளர்ந்து சின்னது கோணலாகும்.

வெட்டுவதில் புதியவர்கள் தடுமாறும் இடம் உள்துண்டுகள். ‘வாழ்த்துகள்’ என்று எழுதி வெட்டிப் பாருங்கள். ‘வ’, ‘ழ’, ‘ள’ மூன்றிலும் சுழி மூடியிருக்கிறது. சுழியைச் சுற்றி வெட்டியதும் உள்ளே இருக்கும் துண்டு பொத்தென்று விழுந்துவிடும்; பேஸ்ட் வழித்தால் சுழி இருக்காது, கட்டியாக ஒரு பொட்டுதான் இருக்கும். அதைத் தடுக்கச் சுழியின் உள்துண்டை வெளித்தகட்டோடு இணைக்கும் மெல்லிய பாலம் ஒன்றை விட்டு வெட்ட வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் போதும். பாலம் இருந்த இடத்தில் எழுத்தில் சின்ன இடைவெளி தெரியும். அதை அப்படியே விடலாம், அழகாகவே இருக்கும். வேண்டாமென்றால் காய்ந்தபின் பல்குத்தும் குச்சி நுனியில் பேஸ்ட் எடுத்து நிரப்பலாம்.

இதே கணக்கை ஊட்டி ரயிலில் பாருங்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த ரயிலின் பெட்டியைப் பக்கவாட்டில் வரைந்து, பெட்டியின் உடலை ஓட்டையாக வெட்டினால் சன்னல்கள் எல்லாம் உள்துண்டுகளாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் பாலம் விட்டால் படம் கெட்டுவிடும். மாற்றிச் செய்யுங்கள்: சன்னல்களையும் சக்கரங்களையும் கூரையின் கோட்டையும் மட்டும் வெட்டுங்கள். நீலநிற அட்டையில் இளமஞ்சள் கலந்த பேஸ்ட் வழித்தால் சன்னல் வரிசையே பெட்டியைக் காட்டிவிடும். எதை வெட்டுவது, எதை விடுவது என்ற இந்த யோசனைதான் ஸ்டென்சில் கலையின் பாதி.

தொடக்கத்துக்கு எளிதானவை: ரெண்டு இலை ஒரு மொட்டு என்று கொழுந்து பறிப்பவர்கள் சொல்லும் தேயிலைத் துளிர், பின்னோக்கி வளைந்த கொம்போடு நிற்கும் வரையாட்டின் நிழலுரு, மணி மணியாகக் கொத்தில் நிற்கும் குறிஞ்சிப் பூ. மூன்றிலும் மூடிய சுழி இல்லை. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, 2018-இல் பூத்தது. அதை நேரில் பார்க்காத பிள்ளைகளுக்கு அட்டையில் செய்து கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் சிவப்பு கறுப்புப் பூத்தையல் டிசைனை ஸ்டென்சிலாக வெட்டி விற்க வேண்டாம். தோடர் பெண்கள் துணியின் நூலை எண்ணி எண்ணித் தைப்பது அது. 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அது அவர்களுடைய பிழைப்பு. பிடித்திருந்தால் அவர்கள் தைத்ததையே வாங்குங்கள்.

முதல் அட்டை

மடித்த அட்டையின் மேல் நேரடியாகப் பேஸ்ட் வழிக்காதீர்கள். 95-க்கு 138 மில்லிமீட்டரில் தனியாக ஒரு துண்டு வெட்டி, அதில் வழித்து, காய்ந்தபின் அட்டையில் ஒட்டுங்கள். கெட்டுப்போனால் ஒரு துண்டோடு போகும். துண்டு நெளிந்தாலும் அழுத்தி நேராக்கி ஒட்டிவிடலாம். சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் ஓரம் தெரிவதால் சட்டம் போட்ட மாதிரியும் அமையும்.

1. துண்டை மேசையில் அல்லது கெட்டியான பலகையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். பலகை நல்லது, அப்படியே தூக்கிக் காயும் இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

2. ஸ்டென்சிலை மேலே வைத்து, ஒரு பக்கம் மட்டும் டேப்பால் கீல் போல ஒட்டுங்கள். எதிர்ப்பக்கத்தை இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. ஏடிஎம் கார்டின் ஓரத்தில் பேஸ்ட் எடுத்து, கீல் இருக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு இழுங்கள். கார்டு காகிதத்துக்குச் சாய்வாக, ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்கட்டும். எல்லா ஓட்டையும் நிரம்பும்வரை ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்த்தால் தகட்டின் ஓரம் தூக்கி, அடியில் பேஸ்ட் கசியும்.

4. கார்டைத் துடைத்துவிட்டு, இப்போது கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, அதிகப்படிப் பேஸ்ட்டை ஒரே இழுப்பில் வழித்து எடுங்கள். தகட்டின் மேல்பரப்பு தெரிய வேண்டும். ஓட்டையில் இருப்பது தகட்டின் மட்டத்துக்கு இருந்தால் போதும். அதற்குமேல் தடிமனாக விட்டால் நம் ஊரில் காயாது.

5. பிடித்திருந்த பக்கத்தை மெதுவாக, கதவு திறப்பது போலத் தூக்குங்கள். கீல் பக்கம் அசையாததால் ஓரங்கள் கூர்மையாக நிற்கும். சின்னச் சின்ன முனைகள் எழும்பி நின்றால் ஈரத் தூரிகையால் லேசாகத் தட்டுங்கள்.

6. உடனே ஸ்டென்சிலைக் கழுவுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் துணியால் வழித்துத் துடைத்து, பிறகு வாளித் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். நேராகக் குழாயடியில் கழுவினால் பேஸ்ட் சாக்கடைக் குழாயில் போய் இறுகும். அக்ரிலிக் என்பதும் பிளாஸ்டிக்தான். வாளியை ஓரிரவு வைத்தால் கசடு அடியில் படியும். மேல்தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டு, கசடைக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். இங்கே எந்தச் சாக்கடையும் ஏதோ ஒரு ஓடையில்தான் முடிகிறது. இதே காரணத்துக்காகப் பிளாஸ்டிக் மினுமினுப்புத் தூளும் வேண்டாம் என்பேன். 2019-இல் தமிழ்நாடு முழுவதும் தடை வருவதற்கு வெகுகாலம் முன்பே பிளாஸ்டிக் பைகளைத் தடுத்த மாவட்டம் இது.

காயவிடுவது

பேஸ்ட் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்க வேண்டும். மேகம் சூழ்ந்த நாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும், அதனால் பேஸ்ட்டின் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அடுத்து, மிச்சமிருக்கும் நுண்ணிய அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்து ஒரே படலமாக வேண்டும். அதற்குக் கொஞ்சமாவது வெப்பம் தேவை. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே அந்தச் சேர்க்கை சரியாக நடக்காது. பேஸ்ட் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் விரல் பட்டால் பொடியாக உதிரும், அல்லது மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கும்.

உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 5 டிகிரிக்குக் கீழே இறங்குவது சகஜம். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனியே விழும். மாலையில் பேஸ்ட் வழித்துவிட்டு வராந்தாவில் வைத்துவிட்டுத் தூங்கப் போனால் காலையில் வெடிப்புதான் மிஞ்சும். பனிக்காலத்தில் வெடிப்பைப் பார்த்ததும் பேஸ்ட்டில் குறை என்று நினைக்காதீர்கள். முதலில் அதை வைத்த இடத்தைப் பாருங்கள்.

ஆகவே பேஸ்ட் வேலையைக் காலையில் வையுங்கள். பத்து பத்தரைக்கு வெயில் ஏறியதும் வழித்தால், மதியத்துக்குமேல் மேகம் வருவதற்குள் முதல் கட்டம் முடிந்துவிடும். நேர் வெயிலில் வைக்காதீர்கள். மலைவெயில் சுள்ளென்று அடித்துக் காகிதத்தை வளைத்துவிடும். வெயில் விழும் அறையில், நிழலில், காற்று போகும் இடத்தில் பலகையோடு வையுங்கள். மழைநாளில் சமையலறைதான் வீட்டிலேயே கதகதப்பான இடம். அடுப்புக்கு மேலே மட்டும் வேண்டாம்: ஆவி அடிக்கும், விறகடுப்பு என்றால் புகை வெள்ளைப் பேஸ்ட்டைப் பழுப்பாக்கும். ரூம் ஹீட்டர் போட்டால் நாலடி தள்ளி வையுங்கள். ஹேர் டிரையரைக் குளிர்காற்றிலோ மிகக் குறைந்த சூட்டிலோ தூரமாகப் பிடிக்கலாம். ஈரப் பேஸ்ட்டில் சூட்டைக் காட்டினால் மேல்தோல் இறுகி, உள்ளே இருக்கும் நீராவி கொப்புளமாக எழும்பும்.

மெல்லிய படலம், பிப்ரவரி வெயில் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம். மேகமூட்டம் என்றால் ஒரு முழு இரவும் காலையும். கடிகாரத்தைவிட விரல் நம்பகமானது. ஈரமாக இருக்கும்போது பேஸ்ட்டில் ஒரு பளபளப்பு இருக்கும். காயக் காய மங்கும். மங்கியதும் விரலின் பின்பக்கத்தைப் பேஸ்ட்டின் மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள். அடுத்து, பேஸ்ட் படாத அதே அட்டையின் மூலையில் வையுங்கள். பேஸ்ட் கூடுதலாகச் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, ஆவியாகிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் காய்ந்துவிட்டது. இங்கே எல்லாமே குளிராக இருப்பதால் இந்த ஒப்பீடு அவசியம்.

காய்ந்த துண்டு வளைந்திருந்தால் மேலே பட்டர் பேப்பர் போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வையுங்கள். அப்புறம் இரட்டைப்பக்க டேப்பால் அட்டையில் ஒட்டுங்கள். ஃபெவிகால் தடவினால் மறுபடியும் ஈரம், மறுபடியும் நெளிவு.

கலர்

மூன்று வழி. பேஸ்ட்டில் முன்னதாகவே அக்ரிலிக் கலர் கலக்கலாம். ஒரு ஸ்பூன் பேஸ்ட்டுக்கு இரண்டு மூன்று சொட்டுக்குமேல் போனால் இளகிவிடும். காய்ந்தபின் தூரிகையால் தீட்டலாம். மூன்றாவதுதான் என் விருப்பம்: காய்ந்த வெள்ளைப் பேஸ்ட்டின் மேல் ஸ்பான்ஜில் மிகக் கொஞ்சமாக வெண்கல நிற அக்ரிலிக் எடுத்து, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, உலர்ந்த ஸ்பான்ஜால் மேடுகளை மட்டும் தொடுவது. பள்ளம் வெள்ளையாகவே இருக்கும், மேடு மினுங்கும்.

தேயிலை இருக்கும் ஊரில் இருந்துகொண்டு அதை விடலாமா? துண்டை வெட்டும் முன் ஐவரி போர்டில் கடுங்காப்பி நிறத்தில் இறக்கிய டீ டிகாஷனைப் பஞ்சால் ஒரு பூச்சு பூசி, அழுத்திக் காயவையுங்கள். பழைய கடிதத்தின் நிறம் வரும், வெள்ளைப் பேஸ்ட் அதில் எடுப்பாகத் தெரியும். மரக்கிளை டிசைன் என்றால் ஈரப் பேஸ்ட்டின் மேலேயே டஸ்ட் டீயைத் தூவலாம். சாயம் இறங்கி ஓரமெல்லாம் பழுப்பாகும்; மரப்பட்டைக்கு அது பொருத்தம்.

எந்த மாதம் என்ன செய்வது

மழையைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழைதான் பெரிது. அதாவது கிறிஸ்துமஸ் அட்டைக்கு எல்லோரும் உட்காரும் நேரத்தில்தான் குன்னூரில் எதுவும் காயாது. அங்கே இருப்பவர்கள் பேஸ்ட் துண்டுகளை மழை இறங்கும் முன்பே வழித்துக் காயவைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட தகரப் பெட்டியில் அடுக்கிவிடுங்கள், நடுவில் பட்டர் பேப்பரோடு. டிசம்பரில் ஒட்டுவதும் எழுதுவதும் மட்டும் பாக்கி இருக்கும். வெட்டாத காகிதத்தையும் அதே பெட்டியில் வைத்தால் பூஞ்சைப் புள்ளி விழாது.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையில் வெள்ளை எடுப்பாக இருக்கும்: வெள்ளை அட்டை, வெள்ளைப் பேஸ்ட், ஒரே ஒரு சிவப்பு நூல். உதகையின் மேட்டுக் காடுகளில் பூக்கும் காட்டுப்பூவரசின் (ரோடோடென்ட்ரான்) சிவப்புக் கொத்தை ஸ்டென்சிலாக வெட்டி வழித்தால் வெளியூர்க்காரர்களுக்கு அது நம்முடைய கிறிஸ்துமஸ் பூ.

பொங்கலுக்குப் புள்ளிக்கோலம். புள்ளிகளை மட்டும் ஸ்டென்சிலில் துளைத்து, பேஸ்ட்டில் மேடான புள்ளிகளாக வழியுங்கள். துளையிட ஒற்றைத் துளை பஞ்சிங் மெஷின் வசதி. காய்ந்தபின் வெள்ளை ஜெல் பேனாவால் புள்ளிகளைச் சுற்றிக் கோலக் கம்பியை இழுங்கள். காவி நிற அட்டையில் இதைச் செய்தால் மெழுகிய வாசல் அப்படியே வரும். அட்டையைப் பெறுபவரே கோடு இழுத்துக்கொள்ளட்டும் என்று வெறும் புள்ளியோடு அனுப்புவதும் உண்டு. பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம்.

மே மாத மலர்க் கண்காட்சிச் சீசனுக்கு அட்டையைவிடப் புத்தக அடையாளமும் பரிசு டேக்கும் நன்றாகப் போகும். 50-க்கு 150 மில்லிமீட்டர் துண்டு, ஒரு தேயிலைத் துளிர், மேலே ஓட்டை, சணல் நூல். வெயில் காலம் என்பதால் ஒரே நாளில் நிறையச் செய்துவிடலாம்.

காகிதத்தைத் தாண்டி

தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை, ஆழமாகப் பிளந்து பிளந்து பெரணி மாதிரி இருக்கும். உதிர்ந்த இலையை ஒரு வாரம் புத்தகத்தில் வைத்து அழுத்துங்கள். அடிப்பக்கத்தில் வெள்ளி நிற ரோமம் இருப்பதால் வழுவழுப்பான மேல்பக்கம் காகிதத்தைத் தொடும்படி வைத்து, சுற்றிலும் பேஸ்ட்டை மெல்லியதாக இலையின் மேலேயே இழுத்து, இலையை எடுத்தால் இலை இருந்த இடம் பள்ளமாக நிற்கும். ஓர் இலை ஒரு தடவைக்குத்தான் வரும். வீட்டு முற்றத்தில், தெரிந்தவர் தோட்டத்தில் கேட்டு எடுங்கள். காப்புக்காட்டில் இலை, பாசி, கூம்பு எதையும் பொறுக்க வேண்டாம்.

கண்ணாடிப் பாட்டிலில் பேஸ்ட் பிடிக்க, முதலில் ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். ஸ்டென்சிலை ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி, ஒரு நேரத்தில் பாட்டிலின் கால் பங்கு மட்டும் வழியுங்கள். அது காய்ந்தபின் அடுத்த பக்கம். உள்ளே பேட்டரியில் எரியும் சின்ன விளக்குச் சரம் போட்டால் மேடுகளின் நிழல் சுவரில் விழும். அகல்விளக்கில் செய்வதானால் விளிம்பில் வேண்டாம். அக்ரிலிக் தீயில் கருகி நாறும். விளக்கு வைக்கும் மண்தட்டின் வெளிவிளிம்பில் செய்யுங்கள்.

சாக்குத் துணித் தோரணம் எல்லாவற்றிலும் சுலபம். முக்கோணமாக வெட்டிய துணியின் ஓரத்தில் ஃபெவிகால் தடவிப் பிரியாமல் காயவைத்து, பெரிய ஓட்டையுள்ள ஸ்டென்சிலால் கொஞ்சம் அழுத்தி வழியுங்கள். துணியின் கண்களுக்குள் பேஸ்ட் இறங்க வேண்டும். நுண்ணிய டிசைன் சாக்கில் நிற்காது. ‘பொங்கல்’ என்று ஒவ்வொரு எழுத்தாக வைக்க இதுதான் பொருத்தம்.

அனுப்பும்போது

காய்ந்த அக்ரிலிக்கும் அழுத்தத்தில் கவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டி முடித்த அட்டையை மூன்று நாலு நாள் திறந்து வைத்துவிட்டு, முகப்பின் மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்துக் கவரில் போடுங்கள். கவருக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய அட்டைத் துண்டு இருந்தால் தபால் முத்திரை குத்தும்போது மேடு நசுங்காது. 300 ஜிஎஸ்எம் போர்டில் இந்த அளவு அட்டை மட்டுமே 9 கிராமுக்கு மேல் வரும். துண்டு, பேஸ்ட், கவர், காப்பட்டை எல்லாம் சேர்ந்தால் சாதாரணக் கடிதத்தின் முதல் 20 கிராமைத் தாண்டிவிடும். ஒரு அட்டையைத் தபால் நிலையத்தில் எடை போட்டுப் பார்த்து, மொத்தத்துக்கும் அதே கணக்கில் ஸ்டாம்ப் ஒட்டுங்கள். இல்லையென்றால் வாங்குபவர் அபராதம் கட்ட வேண்டிவரும். மிச்சமிருக்கும் பேஸ்ட் டப்பாவைப் பனிக்காலத்தில் வெளி அறையில் வைக்காமல் சமையலறை அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். ஒருமுறை உறைந்து இளகினால் திரிந்துவிடும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் சேராது.